தலைமடையில் நிற்பவருக்கு ஒரு கடமை உண்டு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆதிக்கம் பற்றி உங்கள் அனுபவங்களையும் ஐயங்களையும் எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழர்கள் எழுதியவை. கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்தவன் நான். அக்கடிதங்கள் எனக்குச் சொந்த ஊரிலிருந்து வந்தவை போலவே இருந்தன. இடம் கருதிச் சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். தொழில் பாதிக்கப்படலாம் என்று பலர் அஞ்சுவதால் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, குமுளியில் நான்கு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஆறு ஆண்டுகளாக ஒரு முன்பதிவுத் தளத்தில் இருக்கிறோம். அறை வாடகை 2,000 ரூபாய். அதில் 20 விழுக்காடு தளத்தின் கமிஷன். நேரே போன் செய்து வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு 1,800 ரூபாய்க்கு அறை கொடுத்தோம். எப்படியோ தெரிந்துகொண்டு, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் தேக்கடி என்று தேடினால் எங்கள் வீடு நான்காம் பக்கத்தில் வருகிறது. எங்கள் வீட்டு அறைக்கு விலை வைக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா?
– ஹோம்ஸ்டே நடத்தும் வாசகி, குமுளி

பதில்: சகோதரி, உங்கள் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2,000 ரூபாயில் 400 ரூபாய் தளத்துக்குப் போக, உங்கள் கைக்கு வருவது 1,600. நேரே வந்தவருக்கு 1,800 ரூபாய்க்குக் கொடுத்தபோது அவருக்கு 200 ரூபாய் மிச்சமாயிற்று; உங்களுக்கும் 200 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. அந்தத் தளம் இதில் எந்த வேலையும் செய்யவில்லை. இருந்தும், இருவருக்கும் நன்மையான ஒன்றைச் செய்யக் கூடாது என்று அது உங்களைத் தடுக்கிறது.

தளத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை நான் மறைக்க விரும்பவில்லை. டெல்லியிலிருந்து தேக்கடிக்கு வரும் ஒருவருக்கு உங்கள் வீடு இருப்பதே அந்தத் தளத்தின் வழியாகத்தான் தெரிகிறது. படங்களை அங்கே பார்த்து, தங்கியவர்களின் கருத்துகளை அங்கே படித்துவிட்டு, பணத்தை மட்டும் உங்களிடம் நேரே கட்டினால் நாங்கள் எப்படி நடத்துவது என்று அவர்கள் கேட்பார்கள். புதிதாக வருபவரைப் பொறுத்தவரை அது சரியான கேள்விதான். ஆனால் உங்களிடம் வந்தவர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் கைச்சமையலைச் சாப்பிட்டு, போன் எண்ணைக் குறித்துக்கொண்டு போனவர். அந்த நம்பிக்கை உங்கள் உழைப்பில் விளைந்தது.

இந்த நிபந்தனையின் தீங்கு உங்கள் 200 ரூபாயோடு முடிவதில்லை. 10 விழுக்காடு கமிஷன் போதும் என்று ஒருவர் நாளை புதிய தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் 1,850 ரூபாய்க்கே அறை கொடுக்கலாம். அப்போதும் உங்கள் கைக்கு 1,665 ரூபாய் வரும். விலை குறைவு என்று விருந்தினர்கள் அங்கே போவார்கள். பழைய தளமும் வேறு வழியின்றித் தன் கமிஷனைக் குறைக்கும். ஆனால் ‘எங்களிடம் போட்ட விலைக்குக் கீழே வேறெங்கும் விற்கக் கூடாது’ என்ற ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும்வரை, புதிய தளத்திலும் நீங்கள் 2,000 ரூபாய்தான் போட்டாக வேண்டும். விலையில் வேறுபாடு இல்லாதபோது, பழகிய இடத்தை விட்டு விருந்தினர் ஏன் வரப்போகிறார்? புதியவர் ஓராண்டில் கடையைக் கட்டிவிடுவார். 20 விழுக்காடு அப்படியே நிற்கும், சில ஆண்டுகளில் ஏறவும் ஏறும். பத்துத் தளங்களில் ஒன்றாக இருப்பவர் இப்படி ஒரு வரியை எழுதினால் அது வெறும் பேரம். ஊருக்கு வரும் விருந்தினரில் பெரும்பாலோர் ஒரே தளத்தின் வழியாக வரும்போது, அதே வரி குமுளி முழுவதற்கும் சட்டம் போல ஆகிவிடுகிறது. சட்டம் இயற்றும் அதிகாரத்தை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் வரும் தளத்தை நான் பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் இதே வகை நிபந்தனையைப் பற்றி, சந்தையில் முறையற்ற போட்டியைத் தடுக்கும் அரசு அமைப்பான இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்திருக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. இந்திய ஓட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த முறையீட்டின் பேரில் 2019-இல் விசாரணை தொடங்கியது. 2022 அக்டோபர் 19 அன்று மேக்மைட்ரிப்–கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்த ஆணையம், விலையையும் அறைகளின் எண்ணிக்கையையும் கட்டிப்போடும் நிபந்தனைகளை விடுதிகளுடனான ஒப்பந்தங்களிலிருந்து நீக்குமாறு மேக்மைட்ரிப் குழுமத்துக்கு உத்தரவிட்டது. ஓயோவுக்குப் போட்டியான விடுதிக் குழுமங்கள் இரண்டின் அறைகளை மேக்மைட்ரிப் தளத்திலிருந்து அகற்றியதும் அந்த வழக்கில் தவறாகக் காணப்பட்டது. பிரான்ஸ் 2015-இலேயே விடுதிகளின் விலை உரிமையை விடுதிக்காரர்களிடமே விட்டுவிடச் சட்டம் செய்துவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது அந்த நான்காம் பக்கம்தான். அபராதம் போட்டிருந்தால் நீங்கள் வாதாடலாம். வெளியேற்றியிருந்தால் வழக்குத் தொடுக்கலாம். வரிசையில் பின்னுக்குத் தள்ளுவதற்கு எந்தக் கடிதமும் வராது, யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், கேட்டால் கணினியின் கணக்கு என்பார்கள். கடிதம் வந்த நாளைக்கு முன்பும் பின்பும் உங்கள் வீட்டுக்கு மாதந்தோறும் எத்தனை முன்பதிவுகள் வந்தன என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேடல் பக்கங்களை நாள் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலில் அவை எதற்கு உதவும் என்று சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கூகுளின் தேடல் இலவசம், வரைபடம் இலவசம், மின்னஞ்சல் இலவசம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மற்றவர்களைவிட நன்றாகச் செய்ததால் வென்றார்கள். வென்றவனைக் குற்றவாளியாக்குவது பொறாமை இல்லையா?
– கல்லூரி மாணவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: தம்பி, திறமையால் வளர்ந்தவரைத் தண்டிப்பது தவறு என்பதில் உங்களுக்கும் எனக்கும் நம் சட்டத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டம் பெரிய நிறுவனம் என்றாலே ஐயத்தோடு பார்த்தது. அதன் இடத்துக்கு வந்த 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், ஆதிக்க நிலையில் இருப்பதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் அதன் 4-ஆம் பிரிவு தடுக்கிறது. கூகுள் வந்த புதிதில் மற்றத் தேடல் தளங்களில் தேடிச் சலித்தவன் நான். அது வென்றதற்கு அன்று காரணம் அதன் தரம் மட்டுமே.

பிறகு நடந்ததைப் பாருங்கள். போன்களிலும் உலாவிகளிலும் தன் தேடலே முதலில் வர வேண்டும் என்பதற்காக 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலரை அந்நிறுவனம் பிறருக்குக் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு இது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் நீதிபதியாக இருக்கும் அமித் மேத்தா, 2024 ஆகஸ்டில், கூகுள் ஓர் ஏகபோக நிறுவனம் என்றும், அந்த ஏகபோகத்தைக் காத்துக்கொள்ளச் சட்டத்தை மீறியது என்றும் தீர்ப்பெழுதினார். தன் பொருளை மக்கள் தாமாகவே தேர்ந்தெடுப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறவர், தேர்ந்தெடுக்கும் அந்த நொடியே வராமல் இருப்பதற்கு இவ்வளவு பணம் தருவாரா? இந்தியாவிலும் இதுதான் வழக்கு. ஆண்ட்ராய்டு போன் செய்யும் நிறுவனம் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்றச் செயலிகளையும் மொத்தமாக ஏற்றித்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனைக்காக, 2022 அக்டோபரில் நம் ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் சில உத்தரவுகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது. ‘யாரும் கட்டாயப்படுத்தவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் போனில் நீங்கள் கேட்காமலே வந்து உட்கார்ந்த செயலிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் கல்லூரியை ஒட்டி ஓடும் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டைக் கடந்து வருவது. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் நம் பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். மேலே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அந்த ஒப்பந்தம் எழுதப்படவில்லை. மேலே இருக்கிறார்கள் என்பதே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. வாய்க்காலிலும் இதே முறைதான். வாய்க்கால் தொடங்கும் இடமான தலைமடையில் நிலம் வாய்த்தவர் ஊரிலேயே சிறந்த உழவராக இருக்கலாம். அவர் நெல்லுக்கு முதல் பரிசும் கிடைக்கலாம். ஆனாலும் தன் முறை முடிந்தால் மடையை மாற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். கடைமடைக்காரர் வேறு வாய்க்காலுக்குப் போக முடியாது என்பது தெரிந்தும் மடையை அடைத்தவரை, அவர் உழைப்பாளி என்ற காரணத்துக்காக எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் விட்டுவிட்டதில்லை. தேடல், செயலிக் கடை, இணையச் சந்தை ஆகியவை இன்று தலைமடைகளாகிவிட்டன. அங்கே நிற்பவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத கடமை ஒன்று வந்து சேர்கிறது. அது அவருடைய இடத்தைப் பொறுத்த கடமை. இதைச் சொல்வது பொறாமையாகாது.

இலவசம் என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேடலின் முதல் வரிகளில் இடம்பிடிக்க விளம்பரத்துக்குக் கட்டும் பணத்தைக் கடைக்காரர் தன் பொருளின் விலையில்தான் ஏற்றுகிறார். சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-இல் கொடுத்த முறையீட்டின் பேரில், தேடல் முடிவுகளில் தன் சேவைக்கே சலுகை காட்டியதற்காக 2018-இல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதே சென்னை நிறுவனத்தின் செயலிகள், கட்டணத் தகராறு ஒன்றில், 2024 மார்ச் முதல் நாளன்று வேறு பல இந்தியச் செயலிகளோடு பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. அரசு தலையிட்ட பின் சில நாள்களில் திரும்பி வந்தன. எது முறை, எது முறையல்ல என்ற வாதம் இருக்கட்டும். ஒரு நாட்டின் அமைச்சர் பேசினால்தான் மடை திறக்கும் என்ற நிலையை நீங்கள் இயல்பாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே என் விருப்பம்.

கேள்வி: இன்ஸ்டாகிராமையும் வாட்ஸாப்பையும் ஃபேஸ்புக் விலை கொடுத்துத்தானே வாங்கியது? விற்றவர்களும் விரும்பித்தானே விற்றார்கள்?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: ஆம், 2012-இல் 100 கோடி டாலருக்கும், 2014-இல் 1,900 கோடி டாலருக்கும் வாங்கியது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் மகிழ்ச்சிதான். அந்த அறையில் இல்லாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார், அவர் பயனாளர். போட்டியிடுவதைவிட வாங்கிவிடுவது மேல் என்று 2008-இலேயே மார்க் சக்கர்பெர்க் ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தது, அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அந்நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் வெளிவந்தது. ஆயினும், டிக்டாக், யூடியூப் போன்றவை வந்துவிட்ட இன்றைய சந்தையில் ஏகபோகம் நிறுவப்படவில்லை என்று 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அவர்கள் வென்றார்கள். வளர்ந்து தனக்கு எதிராக நிற்கக் கூடியதை முளையிலேயே வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் நேர்மையானதா என்று கேட்டால், இல்லை என்பதே அன்றும் இன்றும் என் பதில்.

கேள்வி: பத்துப் பெண்கள் சேர்ந்து முளைகட்டிய ராகி சத்துமாவு தயாரித்து ஓர் இணையச் சந்தையில் விற்கிறோம். அரைக்கிலோ பொட்டலம் நன்றாகப் போகத் தொடங்கிய எட்டாவது மாதத்தில், அந்தச் சந்தையின் சொந்தப் பெயரிலேயே அதே அரைக்கிலோ சத்துமாவு 12 ரூபாய் குறைவாக எங்களுக்கு மேலே வந்து நின்றது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– மகளிர் குழுவினர், கொழிஞ்சாம்பாறை

பதில்: எங்கள் தாத்தா என்னைப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போவார். விலை பேசும்போது தரகர் தன் தோள் துண்டை இருவர் கைகளின்மேலும் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து ஆயிரம், நூறு என்று பேசி முடிப்பார்கள். பக்கத்தில் ஒட்டி நிற்கும் என்னால்கூட எந்த விரல் மடங்கியது என்று பார்க்க முடியாது. சந்தைக் குத்தகைதாரர் வாசலில் நின்று மாட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். அதோடு அவர் வேலை முடிந்தது. எந்தத் துண்டுக்கு அடியிலும் அவர் கையை விட்டதில்லை.

உங்கள் இணையச் சந்தை எல்லாத் துண்டுகளுக்கு அடியிலும் கை வைத்திருக்கிறது. எந்த ஊரில் எத்தனை பொட்டலம் போகிறது, எந்த விலையில் வாங்குபவர் தயங்குகிறார், எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிவதைவிட அதற்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதம் வறுத்து அரைத்து, நட்டம் தாங்கி, இந்த மாவுக்கு ஆள் இருக்கிறது என்று நிரூபித்தவர்கள் நீங்கள். அந்த அறிவை எடுத்து உங்களுக்கு எதிராகவே கடை விரிப்பதை, பொருளைத் திருடாத திருட்டு என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது.

பெரிய மளிகைக் கடைகளும் சொந்தப் பெயரில் பருப்பு விற்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கடைக்காரர் பிறர் சரக்கைத் தன் காசு போட்டு வாங்கி அடுக்குகிறார். விற்காவிட்டால் நட்டம் அவருடையது. இணையச் சந்தை நடத்துபவர் உங்களிடம் வாடகையும் கமிஷனும் வாங்கிக்கொண்டு, உங்கள் நட்டத்தில் பங்கு கொள்ளாமல், உங்கள் கணக்கை மட்டும் படிக்கிறார்.

அயல்நாட்டு முதலீட்டில் நடக்கும் இணையச் சந்தைகள், தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் பொருள்களைத் தங்கள் சந்தையிலேயே விற்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2019 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டப்படுகிறது என்ற முறையீட்டின் பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஐரோப்பாவிலோ, பிற விற்பனையாளர்களின் வெளியிடப்படாத விற்பனை விவரங்களைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2022 டிசம்பரில் அமேசான் எழுதிக்கொடுத்தது. அங்கே எழுதிக்கொடுக்க முடிந்த ஒன்றை இங்கேயும் எழுதிக்கொடுக்க முடியும். சகோதரிகளே, இப்போதைக்கு உங்கள் பொட்டலத்துக்குள் குழுவின் போன் எண்ணை அச்சிட்ட ஒரு சீட்டை வைக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பாருங்கள். அதையும் தடுத்தால், அந்த வரியை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: வேலந்தாவளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பாதி வியாபாரம் க்யூஆர் அட்டையில்தான். இரண்டே கம்பெனிகள்தான் இதில் எல்லாம் என்கிறார்கள். பழக்கிவிட்டு நாளைக்குக் கட்டணம் போட்டால் என்ன செய்வது?
– மளிகைக் கடைக்காரர், வேலந்தாவளம்

பதில்: அண்ணா, உங்கள் அச்சம் நியாயமானது. யூபிஐ பரிமாற்றங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு போன்பே, கூகுள் பே இரண்டின் வழியாகத்தான் நடக்கிறது. எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று, யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. அதற்கான கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அத்தனை முறை தள்ளியது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் உங்கள் நிலைமை குமுளிச் சகோதரியின் நிலைமையைவிட நல்லது. அட்டையை ஒட்டிவிட்டுப் போனது எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பொள்ளாச்சியிலிருந்து வருபவர் தன் வங்கியின் செயலியிலேயே அதைப் படம் பிடித்துப் பணம் அனுப்பலாம். உங்கள் கல்லாவிலிருக்கும் சவுண்ட் பாக்ஸ் மலையாளத்தில் தொகையைச் சொல்லிவிடும். சாலை பொதுவானது, வண்டி மட்டும்தான் அவர்களுடையது. நாளை வண்டிக்காரர் தொல்லை கொடுத்தால் நீங்கள் வேறு வண்டி ஏறலாம், வாடிக்கையாளர் ஒருவரையும் இழக்க மாட்டீர்கள். யூபிஐ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியும் 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது. சவுண்ட் பாக்ஸ் வாடகை அதில் சேராது. அதைத் தனியாகக் கணக்குப் பாருங்கள்.

நம் எல்லைப் பக்கத்தில் கைபேசி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் நின்றால் கேரள வட்டத்தின் சிக்னல், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு வட்டத்தின் சிக்னல்; கிணற்றடியில் அழைப்பை எடுத்தால் ரோமிங் காசு போய்விடும். கோபித்துக்கொண்டு கம்பெனியை மாற்றலாம் என்றால் எண் போய்விடும், எண் போனால் வியாபாரம் போய்விடும். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி வந்த பிறகுதான் அவர்கள் நம்மிடம் பேசும் தொனியே மாறியது. விட்டு விலகும் வழி திறந்திருக்கிறதா என்பதைத்தான் ஒவ்வொரு நிறுவனத்திடமும் நான் முதலில் பார்க்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் தமிழ்வழிக் குழந்தைகள் லினக்ஸ் கணினியில் படிக்கிறார்கள். வெளியில் போனால் எல்லா இடத்திலும் வேறு மென்பொருள்தானே இருக்கிறது, பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களே என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
– ஆசிரியை, மறையூர்

பதில்: அம்மா, கேரளப் பள்ளிகள் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருளை, தேர்ந்தெடுத்தது இந்த நாட்டுக்கே முன்மாதிரி என்று நான் கருதுகிறேன். எழுத்துச் செயலி என்றால் என்ன, அட்டவணை என்றால் என்ன என்று கற்ற குழந்தை எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். ஒரே நிறுவனத்தின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தைதான் அந்தப் பொத்தான் இடம் மாறியதும் திகைக்கும்.

மைக்ரோசாஃப்ட் கதையைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். உலகின் பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் இருந்த வலிமையைக் கொண்டு, நெட்ஸ்கேப் என்ற உலாவியை நசுக்கத் தன் உலாவியை விண்டோஸோடு கட்டிக் கொடுத்தது என்று 1998-இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. 2000-இல் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவாயிற்று. 2001-இல் மேல் நீதிமன்றம் பிரிப்பதை நீக்கியது, ஆனால் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதி செய்தது. வழக்கின் கண்காணிப்பு இருந்ததால்தான் கூகுள் போன்ற அன்றைய சிறிய நிறுவனங்கள் மூச்சுவிட முடிந்தது என்று நான் நம்புகிறேன். அன்று மடை திறந்ததால் வளர்ந்தவர் இன்று தானே மடையில் நிற்கிறார்.

கேள்வி: பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை முதல் திரையிலிருந்து நான்காவது திரைக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. செய்துவிட்டேன். அப்பாவின் மருத்துவச் செலவு என் சம்பளத்தில்தான் நடக்கிறது. நானும் குற்றவாளிதானா?
– மென்பொருள் பொறியாளர், சொந்த ஊர் கோபாலபுரம்

பதில்: தம்பி, வேலையை விட்டுவிடுங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது, அப்பாவின் மருந்துச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அப்படி எழுத மாட்டேன். ஆனால் செய்தது சிறியது என்றும் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்தில் நான் சொல்லிவரும் விட்டு விலகும் வழியை நீங்கள்தான் மூன்று திரை தள்ளி வைத்திருக்கிறீர்கள். ஆத்திரத்தோடு அதைத் தேடி, கிடைக்காமல், இன்னொரு மாதச் சந்தாவை இழக்கும் கடைக்காரர் கோபாலபுரத்திலும் இருப்பார்.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயனாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது; சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்க வைப்பது அவற்றில் ஒன்று. பிரைம் சந்தா தொடர்பான இத்தகைய குற்றச்சாட்டுக்காக அமேசான் 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 250 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த முறை இப்படி ஒரு வேலை வரும்போது, அந்த இந்திய வழிகாட்டு நெறியின் வாசகத்தை இணைத்து, ‘இது நிறுவனத்துக்குச் சட்டச் சிக்கல் தரும், சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன்’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். மேலாளரை எதிர்ப்பதாகாது, அவரையும் காப்பாற்றுவதாகும். எழுத்தில் ஒரு கேள்வி நின்றுவிட்டால் அதற்குப் பதில் எழுத யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள். நான்காவது திரைக்குப் போன பொத்தானையும் முதல் திரைக்குக் கொண்டுவர ஒரு முயற்சி செய்யுங்கள். உங்களால் முடிந்தால் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: இத்தனை கோடி அபராதம் என்கிறீர்கள். அது அவர்களுக்கு ஒரு வாரக் காசு. நம்மைப் போன்றவர்கள் முறையிடவாவது முடியுமா?
– ஏலக்காய் விவசாயி, வண்டன்மேடு

பதில்: முடியும். போட்டிச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை. எந்தத் தனி மனிதரும், நுகர்வோர் சங்கமும், வணிகர் சங்கமும் ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். கேரளம் உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கான ஆணையத்தின் மண்டல அலுவலகம் 2021-இலிருந்து சென்னையில் இருக்கிறது. அபராதத்தை நிறுவனத்தின் உலக அளவிலான வருவாயைக் கொண்டு கணக்கிட 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருப்பதால், இனி அது ஒரு வாரக் காசாக இருக்க வேண்டியதில்லை. தவறு நடந்து முடிந்த பின் பல ஆண்டு விசாரிக்காமல், தலைமடை நிறுவனங்கள் எவை என்று முன்கூட்டியே அறிவித்து விதி வகுக்கும் சட்ட முன்வரைவும் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. 2018-இல் தீர்ப்பான வழக்கு 2012-இல் தொடங்கியது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அந்த ஆறு ஆண்டுகளைத் தாங்கும் வலிமை சிறு வணிகரிடம் இல்லை என்பதால் அப்படி ஒரு சட்டம் வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனியாகப் போகாதீர்கள். குமுளியிலும் தேக்கடியிலும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட விடுதிக்காரர்கள் பலர் இருப்பார்கள். ஒப்பந்தத்தின் நகல், வந்த மின்னஞ்சல்கள், முன்பு சொன்ன மாதவாரிக் கணக்கு ஆகியவற்றோடு அவர்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் அதற்குக் கிடைக்கும் கவனமே வேறு. குமுளிச் சகோதரியும் இந்தப் பதிலைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவரைத் தொடர்புகொள்ள விரும்பும் விடுதிக்காரர்கள் இதழின் முகவரிக்கு எழுதினால், அவருடைய இசைவு பெற்று உங்கள் கடிதங்களைச் சேர்ப்பிப்போம்.